ஏறக்குறைய இருப்பிடம்

ஏப்ரல் 22

இன்று அத்தையின் ஃபோன் அத்தையைப் பஸ் ஓட்டக் கூப்பிட்டது.

காலைத் தேநீருக்கு உட்கார்ந்திருந்தோம். அத்தை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஃபோனைக் கைநீட்டித் தூரப் பிடித்து, சத்தமாகப் படித்தாள். "'பெண்களே! பிஷ்கெக் நகரப் பேருந்துகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன! மூன்றே மாதத்தில் உரிமம்!' என்ன கருமம் இது, மூணு நாளா வருது. முட்டி வலிக்குக் களிம்பு தேடினா பஸ் ஓட்ட வான்னு கூப்பிடுது."

மாமா ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே, "போயேன். சத்தம் போடத்தான் உனக்கு நல்லா வருமே" என்றார்.

நான் ஜாம் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேர்வுக் கேள்விகளைத் தேடியவள் நான், என் ஃபோனில். விளம்பரம் வருவது அவள் ஃபோனில். வீட்டில் ஒரே வைஃபை. நான் தும்மினால் அத்தை ஃபோனுக்கு ஜலதோஷம் பிடிக்கிறது.

நான் பஸ் ஓட்டப் பழகுவது இங்கே யாருக்கும் தெரியாது. ஒன்றரை மாதமாகிறது. வாரத்தில் மூன்று நாள், தையல் கூடத்தில் வேலை முடிந்ததும், கிழக்குக் கோடியில் இருக்கும் டெப்போவுக்குப் போகிறேன். வீட்டில் அதற்குப் பெயர் ஓவர்டைம். என் புருஷன் எர்மெக்குக்கும் சொல்லவில்லை. அவன் ரஷ்யாவில், யெகாத்தரின்பூர்கில், கட்டட வேலையில் இருக்கிறான். ஆனால் அவனிடம் காலையில் சொல்வது மதியம் அவன் அம்மா, அதுதான் அத்தை, காதில் இருக்கும். ஜூன் 14 தேர்வு. பாஸாகி, வேலை உத்தரவு கைக்கு வந்த பிறகு எல்லோரிடமும் சொல்வது என்று திட்டம். முன்னாலேயே தெரிந்தால் அத்தையின் தங்கை தமாரா சித்தி ஒரு மாநாடே கூட்டிவிடுவாள்.

ஏப்ரல் 23

மதிய இடைவேளை முழுக்க ஃபோனில் 'தனியுரிமை' என்ற பக்கத்தில் கழிந்தது. அடேயப்பா, என்ன கூட்டம் உள்ளே!

டார்ச் செயலிக்கு நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிய வேண்டுமாம். எதற்கு, இருட்டில் இருக்கிறேனா என்று பார்க்கவா? கேக் செய்முறைச் செயலி என் தொடர்பு எண்களை எல்லாம் வாங்கி வைத்திருக்கிறது. தொழுகை நேரம் சொல்லும் செயலி என்னைப் பற்றிப் பதினேழு விளம்பரக் கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ஒருத்தருக்குச் சொன்னால் போதாதா?

அதற்காக அவற்றைத் திருட்டுக் கும்பல் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் முதல் நாளே கேட்டிருக்கிறது: 'பிற செயலிகளிலும் உங்களைப் பின்தொடர அனுமதிக்கலாமா?' நான் எல்லாவற்றுக்கும் சரி என்றிருக்கிறேன். மருமகளாக வந்து ஐந்து வருஷமாகிறது. எது கேட்டாலும் சரி என்று கை பழகிவிட்டது.

எல்லாவற்றையும் அணைத்தேன். ஒவ்வொன்றாக, மூட்டைப்பூச்சி நசுக்குகிற சந்தோஷத்தோடு. மிச்சம் ஒன்றே ஒன்று: 'கூடு'.

அது குடும்பச் செயலி. போன குளிர்காலத்தில் தமாரா சித்தி எல்லார் ஃபோனிலும் வைத்த ஆப். எனக்கு மட்டும் ஆப்பு. வரைபடத்தில் யார் எங்கே இருக்கிறோம் என்று காட்டும். மாமா குதிரை, அத்தை கோழி, எர்மெக் ஓநாய், நான் ஆட்டுக்குட்டி. சித்தி தனக்கு மட்டும் அன்னம் எடுத்துக்கொண்டாள். இதற்குப் பயந்துதான் இத்தனை நாளும் ஃபோனைத் தையல் கூடத்து இழுப்பறையில் போட்டுவிட்டு டெப்போவுக்குப் போனேன். நேற்று எர்மெக் நாலு தடவை கூப்பிட்டு, எடுக்காததால், தையல் கூடத்து முதலாளியம்மாவுக்கே ஃபோன் போட்டுவிட்டான். இனி இழுப்பறை உதவாது.

கூட்டுக்குள் ஒரு பொத்தான் இருக்கிறது: 'பகிர்வதை நிறுத்து.' அதைத் தொட முடியாது. இரண்டு காரணம்.

ஒன்று, தொட்டவுடன் எல்லார் ஃபோனும் கிணுகிணுக்கும்: 'சிர்கா தன் இருப்பிடத்தைப் பகிர்வதை நிறுத்திவிட்டார்.' அதற்குப் பதில் நானே ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிவிடலாம்.

இரண்டு, மாமாவின் பெயர். மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது, அந்தப் பெயருக்குள் இருக்கும் சொல்லையும் சொல்லக் கூடாது. மாமாவின் பெயர் தோக்தோசுன். (எழுதிவிட்டேன். கூரை விழவில்லை.) தோக்தோ என்றால் நில். ஆகவே ஐந்து வருஷமாக நான் எதையும் நிறுத்தியதில்லை. மினி பஸ்ஸில் எல்லோரும் 'தோக்தோ' என்று கத்தி இறங்குவார்கள்; நான் 'அந்த மரத்துகிட்ட' என்பேன். மரமில்லாத தெருக்களில் கூடுதலாக எத்தனை நடந்திருக்கிறேன்! அந்தப் பொத்தானிலும் அதே சொல். தொட்டால் மாமனாரையே விரலால் அமுக்குவது போல இருந்தது. சிரிக்கலாம். ஆனால் விரல் போகவில்லை, அதுதான் உண்மை.

ஃபோனின் அமைப்புகளில் இன்னொரு வழி கிடைத்தது. 'துல்லியமான இருப்பிடம்' என்பதை அணைத்தால் 'ஏறக்குறைய இருப்பிடம்' ஆகிவிடும். யாருக்கும் அறிவிப்பு போகாது. நான் ஏறக்குறைய எங்கேயாவது இருப்பேன், அவ்வளவுதான். மருமகளுக்கென்றே செய்த வசதி.

ஏப்ரல் 25

முதல்முறையாக ஃபோனோடு டெப்போ. ஆட்டுக்குட்டி எங்கே நிற்கிறது என்று நானே பார்த்தேன். டெப்போவில் இல்லை. கொஞ்ச தூரம் தள்ளி ஏதோ சாம்பல் நிறக் கட்டடத்தில். பிரமாதம்.

இன்றைக்கு அவசரப் பிரேக் பயிற்சி. பயிற்சி கொடுப்பவள் ஜிபார்; என்னைவிட நாலைந்து வயது பெரியவள். பெயருக்கு அர்த்தம் நறுமணம், ஆளிடம் டீசல் வாசம். பிரேக்கை மிதிக்கும்போதே பயணிகளை எச்சரித்து வாய்விட்டுக் கத்த வேண்டுமாம், 'தோக்தோ' என்று. மிதித்தேன். வாய் திறந்தது. வந்த சொல்: "மாமா!"

பின்னால் உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் சிரித்துச் சிரித்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ஜிபார் மட்டும் சிரிக்கவில்லை. "அடியே, ரோட்டுல நாய் குறுக்க வந்தா உன் மாமனார் வந்து பிடிப்பாரா?" என்றாள்.

மே 4

அத்தை தெருக்குழாயிலிருந்து வந்த என்னை வாசலில் மறித்து, இரண்டு வாளியையும் பிடுங்கிக்கொண்டாள். "நீ விடு." ஐந்து வருஷத்தில் இது நடந்ததில்லை. அவள் முட்டியை வைத்துக்கொண்டு நொண்டி நொண்டித் தூக்கிப் போனாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

மே 9

ஊறுகாய்த் தக்காளி ஜாடி, திறந்து, என் பக்கத்தில். கூடவே ஒரு கிண்ணம் குரூத், உப்புத் தயிர் உருண்டை, அதுவும் அவள் தம்பி மலையிலிருந்து கொண்டுவந்த நல்ல சரக்கு.

"புளிப்பா எதாவது வேணும்போல இருக்கா?"

"இல்ல அத்தை."

"வெக்கப்படாதம்மா. இந்த நேரத்துல கேட்டு வாங்கிக்கணும்."

"எந்த நேரத்துல?"

"மத்தியான நேரத்துல" என்று சொல்லிவிட்டு அவசரமாக எழுந்து போனாள்.

குரூத் அருமை. பதினொன்று தின்றேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாளோ என்று சந்தேகம்.

மே 15

மாமா ஆடு அறுத்தார். எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான். அல்லா குடுத்தா அறுக்க வேண்டியதுதானே" என்றார். என்ன கொடுத்தார் என்று சொல்லவில்லை.

கறி பங்கு வைக்கும்போதுதான் விஷயம் விபரீதமானது. யாருக்கு எந்த எலும்பு என்பதில் எங்கள் ஜனம் நீதிமன்றத்தைவிடக் கறார். எனக்கு எப்போதும் நெஞ்செலும்பு, மருமகளுக்கு அதுதான். இன்று அத்தை இடுப்பெலும்பை, கொழுப்போடு, என் தட்டில் வைத்தாள். அது தமாரா சித்திக்குரியது. சித்தி அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சண்டை வெடிக்கும் என்று காத்திருந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிடும்மா, நல்லாச் சாப்பிடு" என்றாள்.

யாராவது எனக்குச் சீக்கிரம் சாவு என்று ஜோசியம் சொல்லிவிட்டார்களா?

மே 18

ஐயோ. ஐயோ ஐயோ.

எர்மெக் கூப்பிட்டான். எடுத்ததுமே அழுகை. ஆறடி ஆள், சிமென்ட் மூட்டை தூக்குகிறவன், விக்கி விக்கி அழுகிறான். "ஏன்டி என்கிட்ட சொல்லல? அம்மா சொல்லித்தான் நான் தெரிஞ்சிக்கணுமா?"

பஸ் விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். "மன்னிச்சுக்கோ, நேரம் வரும்போது சொல்லலாம்னு…"

"தெரியும், கண்ணு படும்னு பயந்திருப்ப. அம்மாவும் யார்கிட்டயும் மூச்சு விடாதன்னுதான் சொன்னா. மார்ச்சுல நவ்ரூஸ் பண்டிகைக்கு நான் வந்தப்பதான? அம்மா விரல் விட்டு எண்ணிட்டா, டிசம்பர்ங்கிறா."

டிசம்பரில் எந்த பஸ் வரும்? அப்புறம்தான் உறைத்தது. கறி, தக்காளி, வாளி, எல்லாம் வரிசையாக வந்து தலையில் இறங்கின.

அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சிர்கா, நான் இன்னைக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கேன்" என்றான். வாயை மூடிக்கொண்டேன்.

மே 19

சித்தியிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்து வாங்கினேன். அவள்தான் கண்டுபிடித்தவளாம், பெருமை வேறு. "வாரத்துல மூணு நாள், சாயங்காலம், மகப்பேறு ஆஸ்பத்திரியில உன் ஆட்டுக்குட்டி நிக்குது. எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அக்காகிட்ட சொன்னேன், அவளா வாயைத் திறக்கிறவரைக்கும் நாம கேக்கக் கூடாதுன்னு."

சாம்பல் நிறக் கட்டடம்.

பிறகு நானும் ஃபோனில் பார்த்தேன். வீட்டில் இருக்கும்போது என் ஆட்டுக்குட்டி இரண்டு தெரு தள்ளிக் கால்வாயில் மிதக்கிறது. இத்தனை நாளில் ஒருவராவது அதைப் பார்த்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். வீட்டில் இருக்கும் மருமகளை யார் வரைபடத்தில் தேடுவார்கள்?

மே 20

சொல்ல வேண்டும். இன்று சொல்லவில்லை.

மே 24

சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி, 'அப்ப எங்க போற?' அதற்குப் பதில் சொன்னால் தேர்வு போச்சு. இன்னும் மூன்று வாரம். பாஸான பிறகு இரண்டையும் சேர்த்துச் சொன்னால் என்ன? ஒரே அடியில் முடியும்.

இப்படி யோசிக்கிறவள் என்ன பிறவி? தெரியவில்லை. தக்காளி ஜாடி இரண்டு காலி.

மே 29

அத்தை சின்னதாக ஒரு மெத்தை தைக்கிறாள். நான் அறைக்குள் போனால் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறாள். தையல் கூடத்தில் வேலை செய்கிறவளிடம் தையலை ஒளிக்கிறாள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போலிருந்தது.

ஜூன் 3

எழுதியே ஆகணும்.

மதியத்துக்கு மேல் பேய் மழை. டெப்போவிலிருந்து ஆறரைக்கு வந்தேன். வீட்டில் மாமா மட்டும். "உன் அத்தை உன்னத் தேடித்தான் போனா. காலையில தலை சுத்துதுன்னு சொன்னியாமே" என்றார். முந்தின நாள் வெயிலில் மூன்று மணி நேரம் ரிவர்ஸ் எடுத்ததில் தலைவலி. சொன்னேன்தான்.

ஏழே காலுக்கு வந்தாள். தலைத்துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் துணி சுற்றிய சூப் தூக்கு, திறக்காமல்.

"எங்க இருந்த?"

"வேலையில அத்தை."

"நாலு மணியிலேருந்து ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன். இந்தா பாரு." ஃபோனை நீட்டினாள். படம்பிடித்து வைத்திருந்தாள். சாம்பல் கட்டடத்தின் மேல் கோழியும் ஆட்டுக்குட்டியும் ஒட்டிக்கொண்டு நின்றன. "நீ இருக்க. நான் இருக்கேன். திரும்பிப் பாத்தா நீ இல்ல. உள்ள போய் மாடி மாடியா ஏறினேன். எம் மருமவளப் பாத்தீங்களான்னு ஒவ்வொருத்தியா கேட்டேன். பதிவுல அப்படி ஒரு பேரே இல்லன்னுட்டாங்க. எனக்கு என்னென்னவோ தோணிச்சு."

மாமா எழுந்து கோழிகளுக்குத் தீனி வைக்க வெளியே போய்விட்டார். மழையில்.

"அத்தை, வயித்துல ஒண்ணும் இல்ல."

அவள் தூக்கைக் கீழே வைத்தாள். என் இரண்டு கையையும் பிடித்தாள். ரொம்ப மெதுவாகக் கேட்டாள்: "எப்ப போச்சு?"

கடவுளே, கலைஞ்சிடுச்சுன்னு நெனச்சிட்டா. அதை நான் யோசிக்கவே இல்ல. "போகல அத்தை. வரவே இல்ல."

பிறகு எல்லாம் சொன்னேன். டெப்போ, ஏறக்குறைய, ஜூன் 14. கையை விட்டுவிட்டாள்.

"உனக்கு எப்ப தெரியும், நாங்க இப்படி நெனக்கிறோம்னு?"

"பதினாறு நாளா."

"பதினாறு நாளா நான் வாளி தூக்கினேன்" என்றாள். "இந்த முட்டியோட."

அவள் கத்தியிருந்தால் நான் கேட்டுக்கொண்டிருப்பேன். கத்தவில்லை. அதுதான் என்னை உடைத்தது. வாயிலிருந்து வந்தது எல்லாம் வந்தது. "என்ன செய்யச் சொல்றீங்க அத்தை? அஞ்சு வருஷமா எல்லாரும் என் வயித்தையே பாக்கறீங்க. உங்க மகன் வருஷத்துக்குப் பத்து நாள் வர்றான். மூணு நாள் விருந்து. ரெண்டு நாள் கூரை ஒழுகறதப் பாக்கறான். ரெண்டு நாள் சொந்தக்காரங்க வீடு. ஒரு நாள் வயித்துப்போக்கு, விருந்துனால. மிச்சம் ரெண்டு நாள்ல குழந்தை வரலன்னா நான் என்ன பண்ண? ஃபோன் வழியாவா பெத்துக்க முடியும்? பஸ் வேலை கெடச்சா நிரந்தர சம்பளம், அவன் அங்க கெடக்க வேண்டாம், இங்கேயே எதாவது வேலை பாத்துக்கலாம். எனக்கு அவன் வேணும். குழந்தை அப்புறம். முதல்ல அவன் வேணும்."

மாமியாரிடம் இப்படிப் பேசினவள் எங்கள் தெருவில் நான்தான் முதலாக இருப்பேன்.

அத்தை ஈரத் தலைத்துணியை அவிழ்த்துப் பிழிந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சூப்பை மாமாவும் நானும் குடித்தோம். ஆறிப்போயிருந்தது.

ஜூன் 4

வீட்டில் பேச்சில்லை. மாமா மட்டும் தோட்டத்தில் என் பக்கமாக வந்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "கியரு தானா மாறுமா, நாம மாத்தணுமா?" என்றார்.

"தானா மாறும் மாமா."

"சே" என்றார். ஏமாற்றம். கூட்டுப்பண்ணைக் காலத்தில் லாரி ஓட்டியவர்.

ஜூன் 5

எர்மெக்கிடம் நானே சொன்னேன். முழுக்கக் கேட்டான்.

"இருபத்திமூணு பேருக்கு கேக் வாங்கிக் குடுத்தேன்" என்றான். "பெரிய கேக்கு. மேஸ்திரி ரஷ்யன், அவன்கூட கட்டிப்பிடிச்சான். இப்ப நான் அவங்ககிட்ட என்ன சொல்லணும்? என் பொண்டாட்டி பஸ்ஸுன்னா?"

சிரிப்பு வந்தது. அடக்கினேன். நல்லவேளை, அடுத்த வாக்கியம் சிரிக்கிற மாதிரி இல்லை. "அம்மாகிட்ட சொல்லிடுவேன்னுதான என்கிட்ட மறைச்ச?"

"ஆமா. சொல்லியிருப்பியா மாட்டியா?"

"சொல்லியிருப்பேன்" என்றான். வைத்துவிட்டான்.

ஜூன் 7

அத்தை என் ஃபோனைக் கேட்டாள். கொடுத்தேன். 'கூடு' மேல் விரலை வைத்து அமுக்கி, அழித்தாள். பிறகு தன் ஃபோனில். பிறகு மாமாவின் ஃபோனில். மாலையில் தங்கை வீட்டுக்குப் போய் அங்கேயும். அன்னம் போராடிப் பார்த்ததாம்.

"பொய் சொல்ற சாமானை வீட்டுல வச்சிருக்கக் கூடாது" என்றாள். நாலு நாளில் அதுதான் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை. சாமான் எது என்பது எனக்கு முழுக்க விளங்கவில்லை. வாளி மறுபடியும் என் கைக்கு வந்துவிட்டது. அதில் ஒரு நிம்மதி.

ஜூன் 11

எர்மெக் ஆறு நாளாகப் பேசவில்லை. வரைபடமும் இல்லை. ஓநாய் எந்தத் தெருவில் இருக்கிறது என்றாவது முன்பு தெரியும். ச்சே, நானே இப்படி ஆகிவிட்டேன்.

ஜூன் 14

காலை ஆறு மணிக்கு எர்மெக்கிடமிருந்து ஒரு செய்தி. வணக்கம் இல்லை, ஒன்றுமில்லை. 'ரிவர்ஸ் எடுக்கும்போது ரெண்டு கண்ணாடியும் பாரு.'

இரண்டையும் பார்த்தேன். பாஸ்.

அவசரப் பிரேக்கின்போது தேர்வு அதிகாரி காதில் விரலை விட்டுக் குடைந்துகொண்டார். அவ்வளவு சத்தம். வீட்டுக்கு வந்து மாமா முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். "மாமா, இன்னைக்கு உங்க பேரை நாலு தடவை கத்திட்டேன்."

"பஸ் நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"அப்ப சரி" என்றார்.

அத்தை அடுப்படியில் இருந்தாள். திரும்பவில்லை. ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குக் கறி வைத்த கொழுக்கட்டை, மந்தி, வேகவைத்தாள், சாதாரண வெள்ளிக்கிழமைக்குக்கூடச் செய்யாத மந்தி. யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை.

ஜூலை 21

முதல் நாள். 34ஆம் எண் வழித்தடம். ஒரு ஆள் ஏறினான், என்னைப் பார்த்தான், இறங்கினான். மற்றவர்கள் ஏறினார்கள். ஒரு கிழவர் கடைசி நிறுத்தம் வரை என்னையே பார்த்துக்கொண்டு வந்து, இறங்கும்போது, "மோசமில்ல" என்றார். எர்மெக்கிடம் சொன்னேன். இப்போது பேசுகிறான், வாரம் இரண்டு தடவை, ஜாக்கிரதையாக. "ஒருத்தன் இறங்கிட்டானா? யாரு அவன்?" என்றான். ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு.

ஆகஸ்டு 13

இன்று நெரிசலில் பதினைந்து நிமிடம் அசையவில்லை. ரேடியோவில் டெப்போ மேற்பார்வையாளர்: "முப்பத்திநாலு, உன் பஸ்ஸுக்கு என்ன?"

"நெரிசல். ஏன்?"

"உன் மாமியார் ஃபோன் போட்டிருக்காங்க. பத்து நிமிஷமா ஒரே இடத்துல நிக்குதாம், அடிபட்டிருச்சான்னு கேக்கறாங்க."

பஸ் மொத்தமும் கேட்டது.

வீட்டுக்கு வந்து விசாரித்தால், நகரப் பஸ் செயலி. ஓடுகிற ஒவ்வொரு பஸ்ஸும் அதில் தெரியும்: எண், எந்தத் தெரு, அடுத்த நிறுத்தத்துக்கு எத்தனை நிமிஷம். அத்தை ஒரு வாரமாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். காலையில் பால் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரியிடமும் காட்டியிருக்கிறாள்.

"என்ன அத்தை, மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"உன்னையா பாக்கறேன்? பஸ்ஸப் பாக்கறேன். ஊரே பாக்குது, நான் பாத்தா குத்தமா?" என்றாள். பிறகு கொஞ்சம் இறங்கி, "நீ கடைசி ரவுண்டுல பாலம் தாண்டும்போது உருளைக்கிழங்கப் போட்டா, நீ வரும்போது சூடா இருக்கும். அதுக்குத்தான்" என்றாள்.

ஆட்டுக்குட்டியை ஒளித்து வைக்க அத்தனை பாடுபட்டேன். இப்போது பத்து லட்சம் பேர் என்னைப் பார்க்கலாம், மீட்டர் கணக்கில். யாரும் அனுமதி கேட்கவில்லை. ஏறக்குறைய என்பது அதில் கிடையாது. அணைக்கிற இடம் இருக்கிறதா என்று சும்மா தேடினேன். இல்லை. உருளைக்கிழங்கு சூடாக இருந்தது.

செப்டம்பர் 9

எர்மெக் ஃபோனில் விசித்திரமாக ஒன்று கேட்டான். "மழை நாள்ல உன் பஸ்ஸு லேட்டாகுமா?"

"எதுக்கு?"

"சும்மா." அவனும் பார்க்கிறான் போலிருக்கிறது. அங்கேயிருந்து பார்த்து என்ன செய்யப் போகிறான்?

செப்டம்பர் 27

மூன்றாவது ரவுண்டு, பதினோரு மணி பத்து நிமிடம், பூங்கா நிறுத்தம். கதவைத் திறந்தேன். நாலு மாணவிகள், ஒரு தர்பூசணி வியாபாரி, அவருக்குப் பின்னால் ஒரு பெரிய பை, பைக்குப் பின்னால் எர்மெக்.

முதலில் யாரோ எர்மெக் மாதிரி இருக்கிறான் என்றுதான் நினைத்தேன். ரொம்ப இளைத்திருந்தான். அட்டையைக் கருவியில் தேய்த்தான். செல்லவில்லை, ரஷ்ய அட்டை. மறுபடி தேய்த்தான். தர்பூசணிக்காரர் அவனுக்காகத் தன் அட்டையைத் தேய்த்தார்.

"மூணு நிமிஷத்துல வரும்னு ஆப்ல போட்டிருந்துச்சு" என்றான் என் புருஷன், ஆறு மாதம் கழித்து, முதல் வார்த்தையாக. "அஞ்சு நிமிஷமாச்சு."

'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று என் தலைக்கு மேல் எழுதியிருக்கிறது. நான் பேசவில்லை. அவன் முன் இருக்கையில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டான். கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. திரும்பிப் போகிற டிக்கெட் என்னைக்கு என்று கண்ணாடியைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தேன். அவனுக்குப் புரியவில்லை. மறுபடி அசைத்தேன். எடுக்கவில்லை என்று தலையை ஆட்டினான்.

பின்னாலிருந்து ஒரு அம்மாள், "கதவ மூடும்மா, குளிருது!" என்றாள். இன்னொருத்தர், "வண்டி போகுமா போகாதா?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

34ஆம் எண் பஸ் இன்று பூங்கா நிறுத்தத்தில் நாலு நிமிடம் கூடுதலாக நின்றது. ஊர் முழுக்கப் பார்த்திருக்கும். பார்க்கட்டும்.